பரணில் தூங்கும் பரிசுகள்; பெரிய ஆஸ்பத்திரி வாசலில் தூங்கும் மனிதர்கள்

கிறிஸ்துமசுக்கு வேறு என்ன கொடுக்கலாம்?

டிசம்பர் பிறந்தால் பாரிமுனை பந்தர் தெருவில் கால் வைக்க இடம் இருக்காது. காகித ஸ்டார், சீரியல் பல்பு, ஜரிகைக் காகிதம் என்று வியாபாரம் சூடு பிடிக்கும். ஈவினிங் பஜாரில் பொம்மை, பீங்கான் சாமான், போட்டோ பிரேம் எல்லாம் டஜன் கணக்கில் கட்டித் தருவார்கள்.

வாங்குகிறவர்களில் பாதிப் பேர் கிறிஸ்தவர்கள்கூட இல்லை. ஆபீசுக்காக வாங்குகிறார்கள்.

சீட்டுக் குலுக்கல்

இப்போது எந்த ஆபீசைப் பார்த்தாலும் கிறிஸ்துமசுக்கு முன்னால் ஒரு சீட்டுக் குலுக்கல் நடக்கிறது. எல்லார் பெயரையும் எழுதிப் போட்டு ஆளுக்கு ஒரு சீட்டு எடுக்க வேண்டும். யார் பெயர் வருகிறதோ, அவருக்கு ரகசியமாகப் பரிசு தர வேண்டும். கான்வென்ட் பள்ளிக்கூடங்களில் இது ரொம்ப காலமாகவே உண்டு. கம்பெனிகளில் இதற்கு 'சீக்ரெட் சான்டா' என்று பெயர்.

"சார், உங்களுக்கு யார் பேரு விழுந்துச்சு?"

"சொல்லக் கூடாதும்மா. ரகசியம்."

மத்தியானம் டீ வருவதற்குள் ஆபீஸ் பையன் முதல் மானேஜர் வரை எல்லாருக்கும் தெரிந்து விடும். அது வேறு விஷயம்.

ஆளுக்கு ரூ.300 என்று வரம்பு வைத்தால், 30 பேர் உள்ள ஆபீசில் 9 ஆயிரம் ரூபாய் கை மாறுகிறது. என்ன வாங்குகிறார்கள்? பெயர் போட்ட டீ கப், சாவி மாட்டும் பலகை, பீங்கான் யானை. வீட்டுக்குப் போனதும் பீரோ மேல் ஏறுகிறது. பொங்கலுக்கு ஒட்டடை அடிக்கும்போது பரணுக்குப் போகிறது. அடுத்த டிசம்பரில் காகிதம் மாற்றி இன்னொருவர் தலையில் கட்டப்படுகிறது. சுற்றிச் சுற்றி, முதலில் கொடுத்தவர் கைக்கே திரும்பி வந்து சேர்ந்த யானையும் உண்டு.

விளையாட்டை நிறுத்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஆனால் அந்த 9 ஆயிரம் ரூபாய் வேறு எங்கே போயிருக்கலாம்?

ஒரிஜினல் சான்டா

ரகசியமாகக் கொடுப்பது என்றால் என்ன என்று காட்டிய ஒரு மனிதர் அமெரிக்காவில் இருந்தார். பெயர் லாரி ஸ்டூவர்ட். கான்சாஸ் சிட்டி பக்கத்துக்காரர்.

1971-ம் ஆண்டு அவர் இளைஞர். ஊர் ஊராகப் போய் சாமான் விற்கும் வேலை. கம்பெனி படுத்து விட்டது. கையில் காசு இல்லை. மிசிசிப்பி மாநிலத்தில் ஒரு சிற்றூர். ஏறக்குறைய 2 நாள் பட்டினி. பசி பொறுக்காமல் ஒரு சின்ன ஓட்டலில் போய் உட்கார்ந்தார். வயிறு முட்டச் சாப்பிட்டார். பில் வந்ததும் பர்சைத் தொலைத்து விட்டது போல் நாற்காலிக்கு அடியில் தேட ஆரம்பித்தார்.

ஓட்டல் முதலாளி டெட் ஹார்ன் இதைப் பார்த்துக் கொண்டே இருந்தார். நம் ஊர் என்றால் மாவாட்ட விட்டிருப்பார்கள் என்று சினிமாக்காரர்கள் காட்டுவார்கள். அவர் அப்படிச் செய்யவில்லை. கிட்ட வந்து குனிந்து தரையில் எதையோ எடுப்பது போல் எடுத்தார். 20 டாலர் நோட்டு. "தம்பி, இது உன்னோடதா இருக்கும், கீழே போட்டுட்டே" என்கிற மாதிரி சொல்லிக் கொடுத்து விட்டுப் போய் விட்டார்.

வாலிபர் பில்லைக் கொடுத்தார். மிச்சக் காசில் காருக்குப் பெட்ரோல் போட்டுக் கொண்டு ஊரை விட்டுப் போனார். அந்த நோட்டு தரையில் கிடக்கவே இல்லை, ஓட்டல்காரர் தன் பணத்தைத்தான் கொடுத்தார் என்பது பிறகுதான் அவருக்கு உறைத்தது.

கொடுத்தவர் "பாவம், வச்சுக்கோ" என்று சொல்லவில்லை. வாங்கியவர் கும்பிடு போட வேண்டியிருக்கவில்லை.

வேலை போன நாளில்

1979-ல் லாரி ஸ்டூவர்ட்டுக்கு மறுபடி வேலை போனது. கிறிஸ்துமசுக்கு முந்திய வாரம்! முந்திய ஆண்டும் அதே வாரத்தில்தான் சீட்டைக் கிழித்திருந்தார்கள். மனம் நொந்து, காரில் இருந்தபடியே சாப்பிடும் ஓட்டல் ஒன்றில் வண்டியை நிறுத்தினார். நல்ல குளிர். பரிமாற வந்த பெண் மேல் அந்தக் குளிருக்கு ஏற்ற கோட்டு கூட இல்லை. 20 டாலர் கொடுத்து மீதியை வைத்துக் கொள்ளச் சொன்னார். அந்தப் பெண் கண் கலங்கி விட்டாள்.

அங்கிருந்து நேராகப் பாங்குக்குப் போனார். கொஞ்சம் பணம் எடுத்தார். தெருவில் கஷ்டப்படுகிறவர்களைத் தேடிப் போய்க் கொடுக்க ஆரம்பித்தார்.

பிற்பாடு கேபிள் டி.வி., டெலிபோன் தொழிலில் அவருக்குப் பணம் கொட்டியது. பழக்கம் நிற்கவில்லை. ஒவ்வொரு டிசம்பரிலும் பழைய சாமான் கடை, மலிவு ஓட்டல், சலவை நிலையம் என்று புகுவார். முகம் தெரியாதவர் கையில் 100 டாலர் நோட்டைத் திணித்து விட்டு நழுவி விடுவார். பெயர் கேட்டால் சொல்ல மாட்டார். 26 ஆண்டுகளில் அவர் இப்படிக் கொடுத்தது சுமார் 13 லட்சம் டாலர்!

1999-ல் அந்த ஓட்டல் முதலாளியைத் தேடிக் கண்டுபிடித்து 10 ஆயிரம் டாலர் கொடுத்தார். 20 டாலருக்கு வட்டி.

அவர் யார் என்பது 2006 நவம்பரில்தான் வெளியே தெரிந்தது. ஒரு பரபரப்புப் பத்திரிகைக்காரர்கள் மோப்பம் பிடித்து விட்டார்கள் என்று தெரிந்து, தானே பெயரை வெளியிட்டார். (இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான்!) அப்போது அவருக்கு உணவுக் குழாயில் புற்றுநோய். 2007 ஜனவரி 12-ந் தேதி, 58-வது வயதில் காலமானார். போவதற்கு முன் வேறு சிலரைப் பழக்கி விட்டுத்தான் போனார்.

350 மில்லி

நம் ஊர் குமாஸ்தாவிடம் 100 டாலர் நோட்டு இல்லை. உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம் இருக்கிறது. அதில் 350 மில்லி கொடுத்தால் யாருக்குப் போகிறது என்று கொடுத்தவருக்குத் தெரியாது. யார் கொடுத்தது என்று வாங்கியவருக்கும் தெரியாது. இதற்கு மேல் ரகசியப் பரிசு எங்கே இருக்கிறது?

வயது 18 முதல் 65-க்குள் இருக்க வேண்டும். எடை 45 கிலோ. ரத்தத்தில் ஹீமோகுளோபின் 12.5-க்குக் குறையக் கூடாது. ஆண்கள் 3 மாதத்துக்கு ஒரு தடவையும், பெண்கள் 4 மாதத்துக்கு ஒரு தடவையும் கொடுக்கலாம். படுத்து, எடுத்து, பிஸ்கட் சாப்பிட்டு எழுந்து வர, ஒரு மின்சார ரெயிலைத் தவற விட்டு அடுத்ததுக்குக் காத்திருக்கும் நேரத்தை விடக் கொஞ்சம் அதிகம் ஆகும். அவ்வளவுதான்.

தேதியைக் கவனிக்க வேண்டும். எடுத்த ரத்தத்தைச் சிவப்பு அணு, பிளாஸ்மா, பிளேட்லெட் என்று பிரிக்கிறார்கள். சிவப்பு அணு குளிர் பெட்டியில் 42 நாள் வரை தாங்கும். பிளேட்லெட் அப்படி இல்லை. ஆட்டிக் கொண்டே இருக்கும் எந்திரத்தில் வைத்தாலும் 5 நாள்தான். டெங்கு வந்த வீட்டுக்காரர்களுக்கு இந்தப் பெயர் நன்றாகத் தெரியும்.

20-ந் தேதி ஆபீசில் முகாம் வைத்து, கேக் வெட்டி, எல்லாரும் ஒரே நாளில் கொடுத்தால், அந்த பிளேட்லெட் 25-ந் தேதியோடு சரி. பிறகு கல்லூரிகளுக்கு லீவு. கம்பெனிகளிலும் பாதிப் பேர் ஊருக்குப் போய் விடுவார்கள். முகாம் நடத்த ஆள் இருக்காது. ஆனால் விபத்துக்கு லீவு இல்லை. புத்தாண்டு ராத்திரி கடற்கரைச் சாலையில் மோட்டார் சைக்கிள் எப்படிப் பறக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை. தலசீமியா நோய் உள்ள குழந்தைகளுக்கு 2 முதல் 4 வாரத்துக்கு ஒரு தடவை ரத்தம் ஏற்றியே ஆக வேண்டும். அவர்களுக்குப் பண்டிகை தெரியாது.

எனவே கொடுக்க நினைப்பவர்கள் 26-ந் தேதியில் இருந்து 31-ந் தேதிக்குள் போனால் கூடுதல் புண்ணியம். முதல் நாள் 'பார்ட்டி' முடிந்து தள்ளாடிக் கொண்டு போனால் திருப்பி அனுப்பி விடுவார்கள்.

விற்ற காலம்

ரத்தத்தைக் காசுக்கு விற்ற காலம் ஒன்று இருந்தது. வேலை இல்லாதவர்களும், குடிக்குக் காசு இல்லாதவர்களும் வரிசையில் நிற்பார்கள். மாதத்துக்குப் பல தடவை விற்றவர்கள் உண்டு. நோயும் சேர்ந்தே விலை போனது. இந்தியாவில் எய்ட்ஸ் கிருமி முதன் முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது 1986-ல், நமது சென்னையில்தான். அதன் பிறகுதான் புட்டி ரத்தத்தைப் பார்த்து ஜனங்களுக்குப் பயம் வந்தது.

1996 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. 2 ஆண்டு தவணை கொடுத்து, 1998 ஜனவரி 1 முதல் காசுக்கு ரத்தம் கொடுப்பது தடை செய்யப்பட்டது. இன்றைக்கும் ஆஸ்பத்திரி வாசலில் எவராவது "அண்ணே, ரத்தம் ஏற்பாடு பண்ணித் தர்றேன், இவ்வளவு ஆகும்" என்று காதைக் கடித்தால், போலீசில் சொல்லலாம்.

வாசலில் ஒரு குடும்பம்

சென்ட்ரல் எதிரே இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு (இப்போது ராஜீவ்காந்தி அரசு பொது மருத்துவமனை) திருவள்ளூர், விழுப்புரம் என்று பல ஜில்லாக்களில் இருந்தும், ஆந்திராவில் இருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். பாதி ராத்திரியில் '108' வண்டியில் ஏற்றி வந்திருப்பார்கள். கட்டிய சேலையோடு மனைவியும், லுங்கியோடு அண்ணனும் கூட வந்திருப்பார்கள். வார்டில் படுத்திருப்பவருக்குக் கட்டில் உண்டு, சாப்பாடு உண்டு, மருந்து உண்டு. கூட வந்தவருக்கு?

ராத்திரி 10 மணிக்கு மேல் மின்சார ரெயிலைப் பிடிக்க ஓடுகிறவர்கள் திரும்பிப் பார்த்தால் தெரியும். செய்தித்தாளை விரித்து வரிசையாகப் படுத்திருப்பார்கள். சில ஆஸ்பத்திரிகளில் மாநகராட்சி இரவுக் காப்பகம் கட்டிக் கொடுத்திருக்கிறது. இடம் போதாது. சிலர் இடம் இருந்தாலும் போக மாட்டார்கள். "டாக்டர் கூப்பிட்டா யாரு போறது?" என்று வாசலை விட்டு நகர மாட்டார்கள்.

டிசம்பர் 25-ந் தேதி இந்த வாசலுக்குப் பிரியாணிப் பொட்டலம் வந்து குவியும். ஒரே ஆள் கையில் 3 பொட்டலம் இருக்கும். 27-ந் தேதி ஒன்றும் வராது. பொட்டலம் கொடுப்பதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அவர்களுக்குத் தேவைப்படுவது வேறு. பனியில் விரிக்க ஒரு பாய். ஒரு போர்வை. வெந்நீர் பிடித்து வைக்க பிளாஸ்க். மாற்றுச் சேலை. டிஸ்சார்ஜ் ஆனதும் ஊர் திரும்ப பஸ் சார்ஜ். செல்போனுக்கு ரீசார்ஜ் கூட. வீட்டில் விட்டு வந்த பிள்ளை சாப்பிட்டதா என்று கேட்க வேண்டாமா?

பீங்கான் யானைக்குப் போகும் 9 ஆயிரம் ரூபாயில் எத்தனை பாய் வரும் என்று பந்தர் தெருக்காரர்களையே கேட்டுப் பார்க்கலாம். கொண்டு போய் வாசலில் வீசி விட்டு வரக் கூடாது. வார்டு நர்சிடமோ, ஆஸ்பத்திரி சமூகப் பணியாளரிடமோ யாருக்கு என்ன தேவை என்று விசாரித்துக் கொண்டு போக வேண்டும். ஒரு நாள் பிடிக்கும் வேலை. கடைக்குப் போய் யானை வாங்கவும் ஒரு நாள் பிடிக்கத்தானே செய்கிறது!

மலையாகக் குவிந்த துணி

கேட்காமல் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு சாட்சி இருக்கிறது. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமசுக்கு மறு நாள், ஞாயிற்றுக் கிழமை காலையில் சுனாமி வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். நாடு முழுக்க மனம் இளகியது. லாரி லாரியாகத் துணி வந்தது. பாதிக்கு மேல் கிழிசலும் அழுக்கும். அந்த ஊர் பெண்கள் உடுத்தவே உடுத்தாத உடுப்பெல்லாம் இருந்தது. மீனவர்கள் தொடவில்லை. முந்திய நாள் வரை படகும் வலையும் வைத்துச் சம்பாதித்தவர்கள். அடுத்தவர் கழற்றிப் போட்டதை எப்படி உடுத்துவார்கள்? ரோட்டு ஓரத்தில் துணி மலையாகக் குவிந்து மழையில் மக்கியது. அதை அள்ளுவதற்குத் தனியாக ஆள் போட வேண்டி வந்தது.

பண்டிகைக்குப் பீரோவைக் காலி செய்து "ஏழைகளுக்கு" என்று மூட்டை கட்டுகிறவர்கள் ஒரு தடவை அந்தச் சட்டையைத் தாங்களே போட்டுக் கொண்டு கடைத்தெரு வரை போய் வரலாம். கூச்சம் வராமல் இருந்தால் கொடுக்கலாம்.

'சிரிப்பா, போட்டோ!'

அனாதை இல்லங்களுக்கு டிசம்பரில் வரும் கூட்டம் தனி ரகம். கேக் வெட்டி, பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து, சாண்டா தொப்பி மாட்டி, போட்டோ எடுத்து, ராத்திரிக்குள் செல்போனில் ஊருக்கே அனுப்பி விடுகிறார்கள்.

இது நல்லதா கெட்டதா என்ற விவாதமே வேண்டாம். சட்டம் ஒன்று இருக்கிறது. 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவு, பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையின் படத்தை வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் 6 மாதம் வரை ஜெயில், அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கேக் வாங்கிக் கொடுத்து விட்டுக் கேசில் மாட்டுவானேன்?

அதே சட்டப்படி குழந்தைகள் இல்லம் எதுவாக இருந்தாலும் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு இல்லாமல் நடத்தினால் ஓராண்டு வரை ஜெயில் அல்லது 1 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். பணம் கொடுப்பதற்கு முன் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். ஒழுங்கான இடத்தில் கோபித்துக் கொள்ள மாட்டார்கள். மழுப்பினால் சந்தேகப்படலாம். குழந்தைகள் அங்கே கஷ்டப்படுவதாகத் தெரிந்தால் 1098-க்கு போன் செய்யலாம்.

ரசீது தராதவர்கள்

நல்ல மனசு இருக்கும் இடத்தைத் தேடி மோசடிக்காரனும் வருவான். "குழந்தைக்கு அவசர ஆபரேஷன், ஷேர் பண்ணுங்க" என்று படம் வரும். படம் நிஜமாக இருக்கும், கீழே உள்ள பாங்கு நம்பர் வேறு எவனுடையதாகவோ இருக்கும். எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு என்று கேட்டு, அந்த ஆஸ்பத்திரிக்கே போன் போட்டு விசாரித்தால் 5 நிமிடத்தில் சாயம் வெளுத்து விடும். பணம் போய் விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குச் சொல்ல வேண்டும். சீக்கிரம் சொன்னால் பணத்தை முடக்க வழி உண்டு.

கையில் கொடுத்தே ஆக வேண்டுமா?

"அதெல்லாம் சரிங்க, மச்சினிக்கு வெறுங்கையோடவா போறது?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நியாயம்தான். வெறுங்கையோடு போனால் வருஷம் முழுக்கச் சொல்லிக் காட்டுவார்கள்.

அவர்கள் வாங்கும் கடையை மாற்றிக் கொள்ளலாம். 1935-ல் தொடங்கிய கோ-ஆப்டெக்சில் ஒரு துண்டு வாங்கினாலும் தறிக்காரர் வீட்டில் அடுப்பு எரியும். நுங்கம்பாக்கத்தில் அன்னை தெரசா மகளிர் வளாகம் இருக்கிறது. சுய உதவிக் குழுப் பெண்கள் செய்யும் சாமான்கள் அங்கே வருவது உண்டு. புழல் ஜெயில் கைதிகள் தயாரிக்கும் பண்டங்களையும் சிறை அங்காடி மூலம் விற்கிறார்கள். உள்ளே இருப்பவர் செய்ததை வெளியே இருப்பவர் சாப்பிட்டால் அவருக்குக் கூலி சேரும்.

இன்னொரு வழியும் உண்டு. காசே வேண்டாம். சீட்டில் எழுதிக் கொடுப்பது. "ஜனவரியில் 4 ஞாயிற்றுக் கிழமை உங்க அம்மாவை நான் பார்த்துக்கறேன், நீங்க சினிமாவுக்குப் போங்க." படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாரை வருஷக் கணக்கில் பார்க்கும் பெண்ணுக்கு இதை விடப் பெரிய பரிசு டி.நகரில் எந்தக் கடையிலும் கிடையாது. எழுதிக் கொடுத்தவர் சொன்ன தேதியில் வர வேண்டும், அதுதான் சிக்கல்.

ஆபீஸ் குலுக்கலிலும் இப்படிச் செய்யலாம். 30 பேரும் தலைக்கு ரூ.300 போட்டு, ஆபீசைப் பெருக்கும் அம்மாவின் பெண்ணுக்குப் பள்ளிக்கூடச் செலவு என்று முடிவு செய்தால், அதை எல்லார் முன்னிலையிலும் மேடை போட்டுக் கொடுக்க வேண்டாம். மானேஜர் கூப்பிட்டு, "இந்த வருஷம் போனஸ் கொஞ்சம் கூட வந்திருக்கும்மா" என்று கவரில் கொடுத்து விடலாம். அந்த மிசிசிப்பி ஓட்டல்காரரின் தந்திரம்தான்.

பணத்தை டிசம்பரிலேயே செலவழிக்க வேண்டும் என்று கட்டாயமும் இல்லை. அரையாண்டு லீவில் நோட்டுப் புத்தகம் தேவைப்படாது. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது ஷூ, பை, யூனிபாரம் தையல் கூலி என்று வரிசையாக வரும். அதுவரை அந்த 9 ஆயிரத்தை யார் பொறுப்பில், எந்தக் கணக்கில் வைப்பது என்பதை மட்டும் இப்போதே எழுதிக் கையெழுத்துப் போட்டு விடுவது உத்தமம்.